பின்னட்டை விமரிசனம்

‘உடம்புக்கும் கெடுதல் வரக் கூடாது, ஊருக்கும் கெடுதல் வரக் கூடாது. அப்படி ஒரு முக க்ரீம் சொல்லுங்கள்’ என்று அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். ஆனால் நம் வீடுகளில் தினமும் காலையில் தவறாமல் கையில் எடுக்கப்படும் பிரசுரம் என்று பார்த்தால், சோப்பு உறையும் க்ரீம் டியூபும்தான். அதை யாரும் விமரிசனம் செய்வதில்லை. இந்த வாரம் செய்து பார்க்கலாமே.

குளியலறையிலிருந்து ஒரு டியூபை எடுத்துக்கொண்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

வந்தாச்சா? முன்பக்கத்தைப் பாருங்கள். ஒரு குங்குமப்பூ, வழியும் தேன், குறுக்கே வெட்டின கற்றாழை. அதற்கு மேலே ‘நேச்சுரல்’, ‘டெர்மடாலஜிகலி டெஸ்டட்’, ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ இத்யாதி. இது முன்னட்டை. கவிதை மாதிரி, எதையும் சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். இப்போது திருப்புங்கள். எறும்பு சைஸ் எழுத்தில், காற்புள்ளி காற்புள்ளியாக ஒரு பத்தி இருக்கிறதே, அது பின்னட்டை. சட்டத்துக்குப் பயந்து எழுதப்பட்ட உரைநடை. இந்த ஒரு பத்தியைத்தான் நான் நம்புகிறேன்.

அதைப் படிக்க ஒரு இலக்கணம் இருக்கிறது. ரொம்பக் கஷ்டமில்லை. எது அதிகமாக இருக்கிறதோ அது முதலில் வரும். அடுத்தது, அதற்கடுத்தது என்று இறங்குவரிசை. ஒரு சதவிகிதத்துக்கும் குறைவாக இருக்கிற சரக்குகளை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம், விதி அனுமதிக்கிறது. முதல் பெயர் பெரும்பாலும் ‘அக்வா’ என்று இருக்கும். பதறாதீர்கள், தண்ணீர்தான். லத்தீனில் சொன்னால் கொஞ்சம் கூடுதல் விலை வைக்கலாம். ‘குர்குமா லாங்கா’ என்றால் மஞ்சள். ‘அசாடிராக்டா இண்டிகா’ வேம்பு. ‘கோகோஸ் நூசிஃபெரா’ நம் தேங்காய். ‘ஓரைஸா சட்டைவா’ என்று வெளிநாட்டு சீரம் பாட்டிலில் பார்த்து அசந்துபோய் விடாதீர்கள். அரிசி. பாட்டி கழுநீரை மாட்டுக்கு ஊற்றியது போக மிச்சத்தில் முகம் கழுவினாளே, அந்த அரிசி.

இன்னொரு சூட்சுமம். ‘ஃபீனாக்ஸிஎத்தனால்’ என்று ஒரு பெயர் நிறையப் பின்னட்டைகளில் வரும். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற சரக்கு. ஐரோப்பிய விதிப்படி அதன் உச்சவரம்பு 1 சதவிகிதம். எனவே பட்டியலில் அதற்குப் பின்னால் வருகிறவை பெரும்பாலும் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது உங்கள் டியூபில் அந்தக் குங்குமப்பூ எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். முன்னட்டையில் கதாநாயகி, பின்னட்டையில் கூட்டத்தில் நின்று கையைத் தூக்கும் துணை நடிகை. (சில சரக்குகள் அரை சதவிகிதத்திலேயே வேலை செய்யும். ரெட்டினால் அப்படித்தான். குங்குமப்பூ அந்த ரகமில்லை.)

இனி முன்னட்டைச் சொற்கள். ‘டெர்மடாலஜிகலி டெஸ்டட்’ என்பதற்கு, தோல் டாக்டர் ஒருவர் சம்பந்தப்பட்ட ஏதோ சோதனை நடந்தது என்று அர்த்தம். பையன் ‘பரீட்சை எழுதினேன்ப்பா’ என்கிற மாதிரி. மார்க் எவ்வளவு என்று அவனும் சொல்லவில்லை, டியூபும் சொல்லவில்லை. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ இன்னும் வேடிக்கை. அந்தச் சொல்லைப் போடுவதென்றால் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. எழுபதுகளில் ஒரு விதி கொண்டுவந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1977-ல் விதி செல்லாது என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே அந்தச் சொல்லுக்கு அரசாங்க அர்த்தம் எதுவும் கிடையாது. கம்பெனி என்ன நினைக்கிறதோ அதுதான் அர்த்தம். ‘நோ கெமிக்கல்ஸ்’ என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அக்வாவே ஒரு கெமிக்கல்தான்.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் தனி மவுசு. நலங்கு மாவு, பயத்தம் மாவு எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இயற்கை என்றாலே சாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போய்ப் பாருங்கள். அதில் இருக்கும் சில பொருட்கள் சூரிய வெளிச்சம் பட்டால் தோலைச் சுட்டுக் கறுப்புத் திட்டு போட்டுவிடும். லாவெண்டர், ஆரஞ்சு என்று வாசனைக்குச் சேர்க்கிற செடி எண்ணெய்களில் லிமோனீன், லினலூல் இருக்கும். காற்றுப் பட்டுப் பழசானால் சிலருக்கு அலர்ஜி தரும் சரக்குகள். இந்த மாதிரி 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி லேபிளில் போட்டே ஆக வேண்டும் என்று ஐரோப்பாவில் 2003-ல் சட்டம் போட்டார்கள். 2023-ல் பட்டியலை 80-க்கும் மேலே நீட்டிவிட்டார்கள். இயற்கையோ செயற்கையோ, தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஒட்டி நெற்றி நடுவே வெள்ளைத் தழும்பு விழுந்த அத்தையோ சித்தியோ எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அது பொட்டு செய்த வேலை இல்லை, பசை செய்த வேலை.

நம் சட்டத்தில் ஒரு ருசிகரமான முரண்பாடு இருக்கிறது. 1940-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, அழகுசாதனம் என்பது சுத்தப்படுத்தவும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் பூசிக்கொள்வது. உடம்பின் இயக்கத்திலேயே கை வைத்தால் அது மருந்து. வேறு லைசென்ஸ், வேறு சோதனை. ஆகவே ‘சருமத்தின் ஆழத்தில் ஊடுருவி நிறத்தையே மாற்றும்’ என்று டி.வி-யில் சொல்வது நிஜமாக இருந்தால் அவர்கள் விற்பது மருந்து. பொய்யாக இருந்தால் வெறும் க்ரீம். வெறும் க்ரீம் விற்கிற லைசென்ஸை வைத்துக்கொண்டு மருந்தின் வசனத்தைப் பேசுவதுதான் இந்தத் தொழிலின் மொத்த வித்தை. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. விக்கோ டர்மரிக் விளம்பரப் பாட்டு, தான் அழகுசாதனமே இல்லை, ஆயுர்வேதம் என்று அடித்துச் சொல்லும். ராகத்துக்காகச் சொன்னது என்று நினைத்திருப்பீர்கள். ஆயுர்வேத மருந்துக்கு அன்றைக்கு எக்சைஸ் வரி குறைவாக இருந்தது! இதற்காக வரித் துறையோடு பல வருஷம் வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், கம்பெனிதான் ஜெயித்தது.

வசனம் என்றதும் ஃபேர்னஸ் க்ரீமுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. உள்ளே நியாசினமைட் என்கிற பி3 வைட்டமின், கொஞ்சம் சன்ஸ்க்ரீன். நியாசினமைட் மோசமான சரக்கில்லை. நிறமிகள் மேல்தோலுக்குப் போவதைக் கொஞ்சம் தடுக்கும், திட்டுகள் சற்று மங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் முன்னட்டையும் விளம்பரமும் எழுதிய கதை வேறு. பையன் இல்லையே என்று ஏங்குகிற அப்பா, க்ரீம் பூசி வெளுத்து ஏர் ஹோஸ்டஸ் ஆகிற பெண், ஹோட்டலில் அப்பாவுக்குக் காபி! அந்த விளம்பரத்தை மாதர் சங்கம் எதிர்த்துப் புகார் கொடுத்து, 2003-ல் கம்பெனி நிறுத்திக்கொண்டது. கறுப்பு நிறத்தவர்களைத் தோற்றவர்களாகவோ சோகமாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் 2014-ல் வழிமுறை வகுத்தது. 2019-ல் பெட்டியிலிருந்த இரட்டை முகமும் நிற அளவுகோலும் போயின. 2020-ல் பெயரே ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. தணிக்கைக்குப் பயந்து ஒரு வசனத்தை மட்டும் மியூட் செய்த படம் மாதிரி. உதட்டசைவிலேயே எல்லாருக்கும் புரிகிறது.

ஆண்களுக்கு ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம். 2013-ல் டெல்லியில் ஒருவர் 79 ரூபாய் கொடுத்து வாங்கிப் பூசிப் பார்த்து, வெளுக்கவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். சிரிக்காதீர்கள். கம்பெனியின் பதில்தான் நம் விஷயத்துக்கு முக்கியம்: வெறும் க்ரீம் போதாது, நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, சுத்தம் எல்லாம் வேண்டும் என்றார்கள். சரி, அதை உறையில் போட்டீர்களா என்று கேட்டது மன்றம். போடவில்லை. 2024 டிசம்பரில் சுமார் 15 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. முன்னட்டை சொன்னதைப் பின்னட்டை மறைத்ததற்கு அபராதம் என்று நான் இதைப் படிக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பர்ஸுக்கு வந்த ஆபத்து. இனி வருவது வேறு.

கேரளத்தில் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை அங்கே ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரகப் பிரச்னையோடு வந்தவர்களில் ‘மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி’ என்ற வியாதி 22 பேருக்கு இருந்தது. முகம், கால் வீக்கம், சிறுநீரில் புரதம் ஒழுகுதல். அந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்று ஒரு அபூர்வ வகை. அவ்வளவாகப் பார்க்க முடியாத வகை ஒரே ஊரில் இத்தனை பேருக்கு எப்படி? டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்ததில் 15-ல் 13 பேர் வெள்ளையாவதற்காக ஏதோ ஒரு க்ரீம் பூசி வந்தது தெரிந்தது. உள்ளே பாதரசம். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு வியாதி அடங்கிவிட்டது. ‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற மருத்துவ இதழில் இது வந்தது. கேரள அரசு 2023-ல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடை கடையாக ரெய்டு நடத்தியது.

பாதரசம் வெளுக்க வைக்கும் என்பது பொய்யில்லை. அதுதான் அதன் ஆபத்தே. தோலில் மெலனின் தயாராவதற்கு டைரோசினேஸ் என்று ஒரு என்ஸைம் வேண்டும். பாதரசம் அதை முடக்கிவிடும். ஒரு வாரத்தில் கண்ணாடியில் வித்தியாசம் தெரியும். அதே சமயம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்ளும். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும், சில சமயம் முன்னைவிடக் கறுப்பாக. உடனே மறுபடி டப்பாவைத் தேடுவார்கள். ஒரே துண்டில் முகம் துடைக்கிற வீட்டில் க்ரீம் பூசாத குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

நம் விதிப்படி அழகுசாதனங்களில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தப்பித்தவறி ஒட்டிக்கொண்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது (கண் மைக்குக் கணக்கு வேறு, 70 பங்கு). அப்புறம் எப்படி விற்கிறது? பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் அப்படி ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்னட்டை காலி. ஒரு பூ படமும் எனக்குத் தெரியாத லிபியில் இரண்டு வரியும்தான்.

“என்னண்ணே, உள்ளே என்ன இருக்குன்னே போடலையே?”

“ஃபாரின் சரக்கு சார். ஏழே நாள். படிக்கிறதுக்கா வாங்குறாங்க?”

மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு அம்மாவும் கல்யாண வயதில் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். பெண் மாநிறம், லட்சணமாக இருந்தாள். அம்மா இரண்டு டப்பா கேட்டார். “அதுல பாதரசம் இருக்கலாம்மா” என்று சொன்னேன். அவர் என்னை, போலீஸோ போட்டிக் கடைக்காரனோ என்பது போல் பார்த்துவிட்டு, “போன மாசம் அக்கா பொண்ணுக்கு நல்லா கேட்டுச்சுங்க” என்றார். அவர் சொன்னதும் பொய்யாக இருக்காது. அதுதான் பயமாக இருந்தது.

எனவே முதல் விதி: பின்னட்டை இல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி. வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், பதிவு எண். இதில் எது இல்லையென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். ‘காலோமெல்’, ‘மெர்க்யூரிக்’, ‘மெர்க்யூரியோ’ என்று எது கண்ணில் பட்டாலும் அப்படியே. இதன் தம்பி ஒன்று மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது: தோல் வியாதிகளுக்கு எழுதித் தருகிற ஸ்டீராய்டு ஆயின்மென்ட். அதைப் பவுடருக்கு அடியில் தினமும் பூசிக்கொள்கிறார்கள். முதல் மாதம் பளபளப்பு. அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு வெடித்து, வெயில் பட்டால் எரிச்சல். 2018-ல் 14 வகைகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சீட்டு கேட்கிற கடை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெயரில் ‘பெட்டாமெத்தசோன்’, ‘க்ளோபெட்டசால்’, ‘மொமெட்டசோன்’ என்று வந்தால் அது அழகுசாதனமில்லை, மருந்து.

வாசகி ‘ஊருக்கும் கெடுதல் இல்லாமல்’ என்றாரே. முகத்தைக் கழுவினால் அந்தப் பாதரசம் எங்கே போகிறது? சாக்கடை, ஆறு, கடல், மீன், மறுபடி நம் தட்டு. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊர் இப்படி மீன் தின்றுதான் நரம்பு தளர்ந்து விழுந்தது. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஃபேக்டரிக் கதை நமக்கு மறந்திருக்காது. மினமாட்டா பெயரிலேயே உள்ள சர்வதேச ஒப்பந்தத்தில், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அத்தனையும் 2025-க்குள் ஒழிய வேண்டும் என்று 2023-ல் முடிவெடுத்தார்கள். பாரிமுனைக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

‘ஸ்க்ரப்’ வாங்கினால் பின்னட்டையில் ‘பாலிஎத்திலீன்’ இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். அமெரிக்கா 2015-லும் பிரிட்டன் 2018-லும் அவற்றைத் தடை செய்தன. ஐரோப்பிய யூனியன் 2023-ல். முகம் தேய்க்க பிளாஸ்டிக் எதற்கு, பயத்தம் மாவு என்ன பாவம் செய்தது? சன்ஸ்க்ரீனில் ‘ரீஃப் ஸேஃப்’ என்று போட்டிருப்பார்கள். அதுவும் முன்னட்டைக் கவிதைதான். பவளப் பாறைகளைக் காப்பாற்ற ஹவாயில் 2018-ல் சட்டமியற்றி 2021 முதல் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றை விற்கத் தடை போட்டது நிஜம். ஆனால் நம் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010-லும் 2016-லும் வெளுத்தது க்ரீமால் இல்லை, கடல் சூடேறியதால்.

பாக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடலூர்க்காரர்கள் கோபிப்பார்கள். பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்க முடிய வேண்டும் என்று எழுபதுகளில் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்த சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொடங்கியதுதான் சிக். சமதர்மமான யோசனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிய அந்தப் பல அடுக்குக் காகிதத்தைக் காயலான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்தில் ஒழிக்க வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. 2018-ல் ‘வேறு உபயோகம் இல்லாதவை மட்டும்’ என்று திருத்தினார்கள். எரித்தால் சிமெண்ட் ஃபேக்டரிக்கு எரிபொருள். அதுவும் ஒரு உபயோகம்! தினக்கூலிக்காரர் பாக்கெட் வாங்கட்டும். மாதச் சம்பளக்காரர் பெரிய பாட்டிலாக வாங்கலாம்.

சரி, அம்பத்தூர் வாசகிக்குப் பதில். பத்து டப்பா வேண்டாம். வாங்காமல் விட்ட டப்பாவைவிடச் சுத்தமான டப்பா உலகத்தில் கிடையாது. ஒரு சோப்பு, ஒரு மாய்ச்சரைஸர், வெயிலில் போகிறவரென்றால் ஒரு சன்ஸ்க்ரீன் போதும். சோப்பு உறையில் ‘டி.எஃப்.எம்.’ என்று ஒரு சதவிகிதம் இருக்கும். கொழுப்பு அமிலத்தின் அளவு. 76 இருந்தால் முதல் தரம், 70 இரண்டாவது, 60 மூன்றாவது. ‘பாதிங் பார்’ என்று போட்டிருந்தால் 40-கூட இருக்கலாம். பெயரிலிருந்து சோப்பு என்ற சொல்லே நழுவியிருப்பதைக் கவனியுங்கள். முகம் வறண்டு இழுத்தால் சோப்பை விட்டுவிட்டு வாசனையில்லாத க்ளென்ஸருக்கு மாறலாம். சன்ஸ்க்ரீனில் எஸ்.பி.எஃப். 30 என்பது எரிக்கும் கதிரில் 97 சதவிகிதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு சதவிகிதத்துக்காக இரட்டை விலை தருவதைவிட, 30-ஐயே தாராளமாகப் பூசலாம். புதுசாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்கு. நாள்பட்ட பரு, படை, திட்டு என்றால் டாக்டர். பார்லர் இல்லை, இந்தப் பத்தியும் இல்லை.

மாய்ச்சரைஸருக்கு மட்டும் ஒரு சிபாரிசு. வாசனை சேர்க்காத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி. முகத்தில் எண்ணெய் வழிகிறவர்களுக்குச் சரிப்படாது. வெடித்த குதிகாலுக்கும் காய்ந்த கைக்கும் அதை ஜெயிக்க ஆளில்லை. கச்சா எண்ணெயிலிருந்து வருவது என்பதால் இயற்கைப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பின்னட்டையில் மொத்தமாக ஒரே ஒரு பொருளின் பெயர்தான் இருக்கிறது. அதே பெயரைத்தான் முன்னட்டையிலும் போட்டிருக்கிறார்கள்.